நூறு விழுக்காடு யாருடைய கணக்கு? பாத்திரமேற்கும் நிகழ்பட ஆட்டங்களில் ஆடும் பாங்கும் முடிக்கும் பழக்கமும்

பாத்திரமேற்கும் நிகழ்பட ஆட்டம் என்பது, ஆடுபவர் ஒரு கற்பனை உலகில் ஒரு பாத்திரத்தைத் தனதாக்கிக்கொண்டு, அதன் திறன்களை வளர்த்து, அதன் சார்பில் முடிவுகள் எடுத்துக் கதையை நடத்திச் செல்லும் ஆட்ட வகையாகும். இளைஞர்கள் இதனை ஆர்பிஜி என்று சுருக்கமாக அழைப்பர். இவ்வாட்டங்களை எப்படி ஆடுகிறார்கள், எந்த இடத்தில் ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்கிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அவ்வேறுபாடுகளை வகைப்படுத்திக் காட்டுவதும், ‘நூறு விழுக்காடு முடித்தல்’ என்ற பழக்கம் இவ்வகை ஆட்டத்துக்குப் பொருந்துமா என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பொருந்தாது என்பதே என் முடிவு. ஆட்டத்தில் ஒரு பாத்திரத்தை உண்மையாக ஏற்பவர் சிலவற்றைச் செய்ய மறுத்தே ஆகவேண்டும். மறுத்தவரின் பட்டியல் நிரம்பாது. அதனால் நிரம்பாத பட்டியலைக் குறையாகக் கருதுவது தவறு. இதற்கான காரணங்களைக் கீழே காணலாம்.

தோற்றம்

இவ்வகை ஆட்டத்தின் வேர் கணினியில் இல்லை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை ஆட்டத்தில் இருந்து இது வளர்ந்தது. நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஆடும் ஆட்டம் அது. ஒருவர் கதை நடத்துநராக இருப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். நடத்துநர் விரும்பினால் கதை நாளையும் தொடரும், அடுத்த ஆண்டும் தொடரும். ஆகவே ‘முழுவதும் முடித்தேன்’ என்று யாரும் அங்கே சொல்ல இயலாது.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் ஆகியோர் பலர் ஒரே நேரத்தில் ஆடும் ‘மட்’ என்ற எழுத்துவழிக் கணினி ஆட்டத்தை உருவாக்கினர். ஜப்பானில் 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’, 1987இல் ‘ஃபைனல் ஃபேன்டசி’ ஆகியவை வெளிவந்து இவ்வகையை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கொண்டுவந்தன.

கணினிக்கு வந்தபோது ஒரு மாற்றம் நேர்ந்தது. கதை நடத்துநரின் இடத்தில் நிரல் அமர்ந்தது. நிரலில் எவ்வளவு எழுதப்பட்டுள்ளதோ அவ்வளவே உலகம். எல்லை உள்ள உலகத்தில் எத்தனை ஊர், எத்தனை பெட்டி, எத்தனை பணி என்று எண்ணிவிடலாம். எண்ண முடிந்ததை முடிக்கவும் முடியும் என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது.

ஆடுவோரின் வகைகள்

ஆடுவோரை வகைப்படுத்திய முயற்சிகளில் அதிகம் அறியப்பட்டது பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரை. ‘மட்’ வகை ஆட்டங்களை ஆடுவோரை அவர் நான்காகப் பிரித்து, சீட்டுக்கட்டின் நான்கு இனங்களை அவர்களுக்கு அடையாளமாக வைத்தார். புள்ளிகளையும் பொருள்களையும் ஈட்டுவோர் டைமன். உலகைத் தோண்டித் துருவிப் பார்ப்போர் ஸ்பேடு. மற்றவர்களோடு பழகுவதற்காகவே வருவோர் ஆர்ட்டின். பிறரை அடித்து மகிழ்வோர் கிளாவர். பலர் கூடி ஆடும் ஆட்டங்களுக்காகச் செய்த பிரிவு இது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். தனியாக ஆடும் ஆட்டங்களுக்கு இதனை அப்படியே பொருத்த இயலாது.

தனியாக ஆடுவோரிடம் நான் கவனித்த பழக்கங்களைக் கீழ்க்கண்டவாறு பிரிக்கலாம்.

கதை வழிச் செல்வோர்: முதன்மைக் கதையை மட்டும் பின்பற்றி, கிளைப்பணிகளைத் தொடாமல் இறுதிவரை செல்பவர்கள்.

துருவிப் பார்ப்போர்: கதை கிழக்கே அழைத்தால் மேற்கே போய் மலை உச்சியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள். கதை எங்கே நின்றது என்பதையே மறந்துவிடுவர்.

சேர்த்து வைப்போர்: அரிய மருந்து, சிறந்த வாள் எது கிடைத்தாலும் ‘பின்னால் தேவைப்படும்’ என்று மூட்டை கட்டுபவர்கள். கடைசி அரக்கன் விழும்போதும் அந்த மருந்து மூட்டையிலேயே இருக்கும். விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த பித்தளைப் பாத்திரங்கள் பரணிலேயே கறுத்துப்போவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம் அல்லவா?

சேமிப்புக்குத் திரும்புவோர்: ஒரு முடிவு பிடிக்காவிட்டால் உடனே பழைய சேமிப்பைத் திறந்து, வேறு விடை சொல்லிப் பார்ப்பவர்கள். தோல்வி இவர்களின் கதையில் இடம்பெறாது.

மீண்டும் மீண்டும் தொடங்குவோர்: பத்து மணி நேரம் ஆடியபின் ‘வீரனாக ஆடியதற்குப் பதில் மந்திரவாதியாக ஆடியிருக்கலாம்’ என்று தோன்றி முதலிலிருந்து ஆரம்பிப்பவர்கள். 2023இல் வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ போன்ற நீண்ட ஆட்டங்களில், முதல் அங்கத்தை மனப்பாடமாக அறிந்து மூன்றாம் அங்கத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள் உண்டு.

முழுமையாக்குவோர்: பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் முடித்து, நூறு விழுக்காடு என்று திரையில் தெரிந்தபின்பே எழுந்திருப்பவர்கள்.

ஒருவரே ஒரு ஆட்டத்தில் ஒரு வகையாகவும் மற்றொன்றில் வேறு வகையாகவும் இருக்கக்கூடும். பழைய ஆட்டங்களிலும் இந்தப் பாங்கு வேறுபாடு உண்டு. தாயத்தில் ஒரே காயை ஓட்டிப் பழமாக்கப் பார்ப்பவரும் உண்டு. எல்லாக் காய்களையும் இறக்கி, மலைக்கு மலை பத்திரமாக நகர்த்துபவரும் உண்டு. ஆயினும் எல்லாக் காய்களும் பழமானால் ஆட்டம் முடிந்தது என்பதில் தாயம் ஆடும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இராது. பாத்திரமேற்கும் ஆட்டத்தில் ‘பழம்’ எது என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பட்டியலின் வரலாறு

பழைய ஆட்டங்களில் கதை முடிந்தால் பெயர்ப் பட்டியல் ஓடும்; அதோடு சரி. 1995இல் வெளிவந்த ‘குரோனோ டிரிகர்’ ஒரு புது வழியைத் திறந்தது. ஒருமுறை முடித்தவர், தான் வளர்த்த திறன்களோடு முதலிலிருந்து மறுபடியும் ஆடலாம். எந்த நேரத்தில் இறுதிப் பகையை வெல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் அதில் உண்டு. ‘முடித்தாயா?’ என்ற கேள்வியோடு ‘எந்த முடிவைப் பார்த்தாய்?’ என்ற கேள்வியும் அப்போது சேர்ந்துகொண்டது.

அடுத்த பெரிய மாற்றம் ஆட்டத்துக்கு வெளியில் இருந்து வந்தது. 2005இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியோடு ‘சாதனைகள்’ என்ற முறையை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சாதனைப் பட்டியல். ஒவ்வொரு சாதனைக்கும் புள்ளி. அப்புள்ளிகள் ஆடுபவரின் பெயரோடு சேர்ந்து எல்லோர் பார்வைக்கும் தெரியும். 2007இல் ஸ்டீம் தளமும் 2008இல் பிளேஸ்டேஷன் 3 கருவியும் இதே வழியைப் பின்பற்றின. பிளேஸ்டேஷனில் எல்லாக் கோப்பைகளையும் வென்றவருக்கு ‘பிளாட்டினம்’ கோப்பை வழங்கப்படுகிறது.

ஆட்டங்களுக்கு ஆகும் நேரத்தை ஆடுவோரிடம் கேட்டுத் தொகுக்கும் ‘ஹவ் லாங் டு பீட்’ என்ற தளம், முதன்மைக் கதை மட்டும், கதையோடு கூடுதல் பணிகள், முழுமையாக்கல் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்குத் தருகிறது. 2015இல் வந்த ‘தி விட்சர் 3’ ஆட்டத்தின் கதைக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும் என்றால், முழுமையாக்க 170 மணியளவு ஆகும் என்பது அத்தளத்தின் கணக்கு. கூடுதலான இந்த 120 மணி நேரத்தில் ஆடுபவருக்குக் கிடைப்பது என்ன என்று திறனாய்வாளர் கேட்கவேண்டும்.

கதையும் பட்டியலும் மோதும் இடம்

இக்கேள்விக்கு விடை காண ‘ஸ்கைரிம்’ ஏற்ற எடுத்துக்காட்டு. பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட இந்த ஆட்டத்தின் அடிப்படைப் பதிப்பில் 50 சாதனைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, வீடு வாங்குவது. ஒன்று, திருமணம் செய்துகொள்வது. ஒன்று, சிறையிலிருந்து தப்புவது. ஒன்று, ஐம்பது பூட்டுகளைத் திறந்து ஐம்பது பேரிடம் பிக்பாக்கெட் அடிப்பது. மற்றொன்று, நாட்டின் ஒன்பது ஆட்சிப் பகுதிகளிலும் தலைக்கு 1,000 பொன் விலை வைக்கப்படும் அளவுக்குக் குற்றம் செய்வது. கொலைகாரர் கூட்டம் ஒன்றும் ஆட்டத்தில் உண்டு. அக்கூட்டத்தில் சேராமல் அதை அழித்தொழிக்கவும் ஆட்டம் வழி விடுகிறது. ஆனால் சாதனை ஏறுவது அதில் சேர்ந்து, சொன்ன கொலைகளைச் செய்து முடிப்பவருக்குத்தான்.

என் பேரன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். காலாண்டு விடுமுறைக்குக் கடையநல்லூர் வந்தபோது மடிக்கணினியில் இந்த ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். சில நாட்களில் விசைகளைத் தட்டவும் கற்றுக்கொண்டேன். ஒருநாள் அவன் ‘போதும்’ என்று மூடிவிட்டான். சாதனைப் பக்கத்தைப் பார்த்தேன்: ஐம்பதுக்கு 31. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? “அம்பதுக்கு முப்பத்தொண்ணுதானா? எதையும் முழுசா முடிக்கத் தெரியாதாலே உனக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

“மிச்சம் இருக்குறதெல்லாம் திருட்டும் கொலையும் தாத்தா. இந்த ஆளு அதைச் செய்ய மாட்டான்” என்றான்.

என்னிடம் பதில் இல்லை. அவன் ஒரு நேர்மையான கொல்லனை உருவாக்கி, அவனாகவே தொண்ணூறு மணி நேரம் வாழ்ந்திருக்கிறான். திருடர் சங்கத்தின் வாசலில் அந்தக் கொல்லன் திரும்பி நடந்த காட்சி, அந்த ஆட்டத்தில் அவன் பெற்ற அனுபவங்களிலேயே முக்கியமானது. பட்டியல் அதை ‘செய்யவில்லை’ என்று மட்டும் குறித்துக்கொண்டது. மறுப்பைப் பதிவுசெய்ய அதில் கட்டம் இல்லை.

ஐம்பதையும் அடைபவர் திருமணம் செய்துகொண்ட குடும்பத் தலைவராகவும், ஒன்பது பகுதிகளிலும் தேடப்படும் குற்றவாளியாகவும், கொலைகாரர் கூட்டத்தின் தலைவராகவும், மந்திரக் கல்லூரியின் முதல்வராகவும் ஒரே உடம்பில் இருக்கிறார். இதில் பாத்திரம் எங்கே இருக்கிறது? எல்லா வேடமும் கட்டியவர் முகத்தில் எந்த வேடமும் நிற்பதில்லை.

ஒரு வேடம் கட்டுவது

இதை விளங்கிக்கொள்ள நம் தென்பாண்டிச் சீமையிலேயே ஒரு வழக்கம் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேடம் கட்டுவர். காளி, சிவன், குறவன் குறத்தி, குரங்கு, அரசன், காவலர் என்று வேடங்கள் பல. விரதம் இருந்து, வேடமணிந்து, ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெற்றுக் கோயிலில் சேர்ப்பர். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் நடக்கும். காளி வேடத்துக்கு விரதம் கடுமையானது, எல்லோரும் எடுத்துக்கொள்வதில்லை.

காளி வேடம் கட்டியவர் அந்த நாட்களில் குரங்கு வேடமும் கட்டிப் பார்ப்போம் என்று நினைப்பதில்லை. தெருவில் பார்ப்பவர்களும் ‘எத்தனை வேடம் முடித்தாய்?’ என்று கேட்பதில்லை. ஏற்ற ஒன்றை எப்படித் தாங்கினார் என்பதே பேச்சாக இருக்கும். பக்தியையும் பொழுதுபோக்கையும் ஒன்றாக்க நான் முயலவில்லை. வேடம் ஏற்பது என்றால் மற்றவற்றை விடுவது என்ற அறிவு நம் மக்களுக்குப் புதியதல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

ஆட்டங்களே தந்த விடைகள்

நல்ல ஆட்டப் படைப்பாளிகள் இச்சிக்கலை உணர்ந்தே இருந்திருக்கிறார்கள். ரிச்சர்ட் கேரியட் 1985இல் வெளியிட்ட ‘அல்டிமா 4’ ஆட்டத்தில் வெல்லவேண்டிய பெரும்பகைவன் என்று யாரும் இல்லை. எட்டு நற்பண்புகளில் தேர்ந்து ‘அவதார்’ ஆவதே குறிக்கோள். நம் ‘அவதாரம்’ என்ற சொல்தான் அது. அதில் மூலிகை விற்கும் பார்வையற்ற பெண் ஒருத்தி வருவாள். கொடுக்கும் காசை அவளால் எண்ணிப் பார்க்க முடியாது. குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். ஆனால் நிரல் அதைக் கவனித்து நேர்மையில் குறைத்துவிடும். கையில் உள்ள பொருளைக் காட்டிலும் நடத்தையைக் கணக்கிட்ட ஆட்டம் அது.

1997இல் வந்த ‘ஃபால்அவுட்’ வேறு வழியில் சென்றது. நிலத்தடி வாழிடத்தின் நீர்க் கருவிக்கு ஒரு சில்லு வேண்டும். அதைக் கொண்டுவர 150 நாள் கெடு. கெடு இருப்பதால் எல்லா ஊரையும் எல்லா மூலையையும் துருவிக்கொண்டிருக்க முடியாது. எதை விடுவது என்று ஆடுபவர் தீர்மானிக்கவேண்டும்.

முழுமையாக்கும் பழக்கத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்ட ஆட்டம், டோபி ஃபாக்ஸ் 2015இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’. ஒருவரையும் கொல்லாமல் அதை முடிக்கலாம். எல்லோரையும் கொன்றும் முடிக்கலாம். அன்பு வழியில் முடித்து, அனைவரும் நலமாக இருப்பதைப் பார்த்த பின்னும், ‘மற்றொரு முடிவையும் பார்த்துவிடலாம்’ என்று சிலர் கொலை வழியைத் தொடங்குவர். அவ்வழியை இறுதிவரை சென்று முடித்தவரை ஆட்டம் மறப்பதில்லை. அதன்பின் மறுபடி அன்பு வழியில் ஆடினாலும் அந்த நல்ல முடிவில் ஒரு கறை சேர்ந்துவிடும். ஆர்வத்தால் மட்டுமே செய்தேன் என்பதை ஆட்டம் மன்னிப்பாக ஏற்பதில்லை.

இந்தியாவில் இருந்து வந்த விடை ஒன்றும் உண்டு. பைரோடாக்டில் என்ற இந்தியச் சிறு நிறுவனம் 2014இல் ‘அன்ரெஸ்ட்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பழங்கால இந்தியாவை ஒட்டிய கற்பனை நகரமான பீம்ராவில் பஞ்சம் நிலவுகிறது. ஆடுபவர் ஒரே வீரனாக இராமல், வேண்டாத திருமணம் பேசி முடிக்கப்பட்ட உழவர் வீட்டுப் பெண், இளவரசி, நாகர் இனத் தூதர் என்று ஒவ்வொருவராக மாறி ஆடுகிறார். சண்டைகளைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஒருவர் இறந்தாலும் ஆட்டம் நின்றுவிடாது. அவரில்லாமல் கதை தொடரும். சேமிப்புக்குத் திரும்பும் பழக்கமுள்ளவருக்கு இது நல்ல மருந்து. படப்பணியிலும் நீளத்திலும் எளிய ஆட்டம்தான் என்றாலும், தோல்வியைக் கதையின் பகுதியாக்கிய துணிவுக்காக அது பேசப்படவேண்டும்.

தமிழர் கவனிக்கவேண்டிய மற்றொன்று ‘வெண்பா’. கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 சூலை 31 அன்று வெளியிட்டது. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதையும், சுயாதீன ஆட்ட விழாவின் முதன்மைப் பரிசையும் பெற்றது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. தாயின் சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்கவேண்டும். கண்டிப்பாகச் சொன்னால் இது பாத்திரமேற்கும் ஆட்ட வகையில் வராது. ஆடுபவரின் விடைகள் கதையைப் பெரிதாக மாற்றுவதில்லை. அது இந்த ஆட்டத்தின் குறை என்றே எனக்குப் படுகிறது.

ஆயினும் முடித்தல் பற்றி அது கற்பிப்பது உண்டு. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும், புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் எப்படி மாறி மாறி இடவேண்டும் என்பதையெல்லாம் குறிப்பேடு முழுமையாகச் சொல்லாது. அம்மாவின் அடுப்படியில் நின்றவர் தன் நினைவைக் கொண்டு அந்த வரியை நிரப்புவார். நின்றிராதவர் தப்பும் தவறுமாகச் செய்து கற்பார். இருவர் திரையிலும் ஒரே முடிவுதான் தெரியும். ஆடிய அனுபவம் ஒன்றல்ல.

முடிக்க விடாத ஆட்டங்கள்

இதுவரை சொன்னதை வைத்து, முடிக்காமல் விடுவதே எப்போதும் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. முடிவே இல்லாதபடி அமைக்கப்பட்ட ஆட்டங்கள் இன்று கைப்பேசிகளில் நிறைந்துள்ளன. 2020 செப்டம்பரில் வந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’ இதற்கு நல்ல சான்று. அழகிய உலகம், இலவசமாக ஆடலாம். ஆனால் நாள்தோறும் நான்கு சிறு பணிகள் புதிதாக வரும். பரிசுகளைப் பெறத் தேவையான ‘பிசின்’ என்ற பொருள் 8 நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஊறும். குறிப்பிட்ட அளவு நிரம்பியபின் ஊறாது. ஆகவே வராதவருக்கு இழப்பு. புதிய பாத்திரங்கள் அதிர்ஷ்டச் சீட்டு முறையில் கிடைக்கும். அதற்குப் பணமும் செலவிடலாம்.

இங்கே ஆடுபவர் முடிக்காமல் இருப்பது அவரது தேர்வு அல்ல. கொல்லனாக வாழ்ந்து திருட்டை மறுத்த பையனும், பிசின் வீணாகிவிடும் என்று இரவு 12 மணிக்கு எழுந்து கைப்பேசியைத் திறக்கும் பையனும் ஒன்றல்லர். பெற்றோர் இந்த வேறுபாட்டைக் காணாமல் இருவரையும் ஒரே சொல்லால் திட்டுகிறோம்.

முழுமையாக்குவோர் பக்கத்து நியாயம்

முழுமையாக்குவோரைக் கேலி செய்வது எளிது. ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்ற 2017ஆம் ஆண்டு ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதனைப் பாத்திரமேற்கும் வகை என்பதைவிடச் சாகச வகை என்பதே பொருந்தும். எனினும் முழுமையாக்கும் பழக்கத்துக்கு அது பெயர்பெற்றது. அதில் 900 கொரோக் விதைகள் நாடெங்கும் மறைந்துள்ளன. மூட்டையை முழுதாகப் பெரிதாக்க 441 போதும். 900ஐயும் சேர்த்தவருக்குக் கிடைக்கும் பரிசு, பொன்னிறச் சாண உருண்டை போன்ற ஒரு பொருள். அதனால் ஆட்டத்தில் ஒரு பயனும் இல்லை. படைப்பாளிகளே சிரித்துவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. முதலாவது, பட்டியல் சிலரைத் தாங்களாகப் போகாத மூலைகளுக்கு அழைத்துச் செல்கிறது. இரண்டாவது, ஓர் உலகத்தின் மீது அன்பு கொண்டவர் அதன் கடைசிக் கல்லையும் பார்க்க விரும்புவது இயல்பு. மூன்றாவது காரணம் நம் ஊருக்கு நெருக்கமானது. ஓர் ஆட்டத்தின் விலை மூவாயிரம் ரூபாய் என்றால், ஆண்டுக்கு ஒன்று வாங்குவதே பெரிது என்ற வீட்டுப் பிள்ளை அதன் ஒவ்வொரு துளியையும் பிழிந்து ஆடத்தான் செய்யும். சுண்டல் மடித்துத் தந்த காகிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டே எறிந்த தலைமுறை நாங்கள். கிடைத்ததை முழுதாக அனுபவிப்பது வேறு. பிறர் பார்க்க எண்ணிக்கையை நிரப்புவது வேறு.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வேன் எடுத்து வருவோரிடம் இரண்டையும் பார்க்கலாம். காலையில் பேரருவி, பத்து மணிக்கு ஐந்தருவி, பிறகு புலியருவி, மாலையில் பழைய குற்றாலம் என்று ஒரே நாளில் ‘முடித்துவிட்டு’ ஈரத்துண்டோடு வேனில் ஏறுவோர் உண்டு. ஐந்தருவியில் மட்டும் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புவோரும் உண்டு. இரண்டாமவரைப் பார்த்துக் ‘குற்றாலத்தை முடிக்கவில்லை’ என்று யார் சொல்வார்கள்?

போர்ஷன் முடிப்பது

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு சொல் உண்டு: போர்ஷன். “போர்ஷன் முடிஞ்சதா சார்?” என்பதுதான் ஆண்டு முழுதும் எங்களைத் துரத்தும் கேள்வி. சமூக அறிவியல் ஆசிரியராக ஒவ்வோர் ஆண்டும் நான் அதை முடித்தேன்; நூறு விழுக்காடு.

ஒன்பதாம் வகுப்பில் பருவக்காற்றுப் பாடம் நடத்தியபோது ஒரு மாணவர் எழுந்து, தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மலைக்கு மேற்கே கேரளத்தில் பெய்துவிடும் என்றால் கிழக்கே உள்ள குற்றாலத்தில் மட்டும் எப்படிச் சாரல் அடிக்கிறது, பக்கத்துச் சங்கரன்கோவிலில் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார். நல்ல கேள்வி. செங்கோட்டை, ஆரியங்காவு பக்கம் மலைத்தொடரில் உள்ள கணவாய் வழியாக ஈரக்காற்று இந்தப் பக்கம் வருகிறது என்று பத்து நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். அடுத்த நாளே அந்தப் பையனை மலையைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். “அது போர்ஷன்ல இல்ல, உக்காரு” என்றேன். அதன்பின் அவர் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை. பார்ட்டிலின் பிரிவில் அவர் ஸ்பேடு இனம். நான் அவரை டைமன் கணக்கில் அளந்தேன்.

பேரனின் ஐம்பதுக்கு 31ஐப் பார்த்து நான் கேட்ட கேள்வியும் அதே கேள்விதான் என்பது, அவன் பதில் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது.

முடிவுரை

பாத்திரமேற்கும் ஆட்டத்தின் மதிப்பை அளக்க விழுக்காடு ஏற்ற கருவி அல்ல. விழுக்காடு என்பது ஆட்டத்தைச் செய்தவர் எழுதிய பட்டியலில் எத்தனை வரி அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். ஆடியவர் யாராக இருந்தார் என்பதைச் சொல்லாது. இவ்வகை ஆட்டத்தைத் திறனாய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் மூன்று கேள்விகளோடு தொடங்கலாம். உன் பாத்திரம் எதைச் செய்ய மறுத்தது? அந்த மறுப்பை ஆட்டம் கவனித்ததா? நிறுத்தவேண்டும் என்று நீ நினைத்தபோது உன்னை நிறுத்த விட்டதா? முதல் கேள்விக்கு விடை இருந்தால் அவர் உண்மையில் பாத்திரம் ஏற்று ஆடியிருக்கிறார். இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றால் அது நல்ல ஆட்டம். மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால் அந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் இருந்து நீக்கிவிடுவதே நல்லது.

வீட்டில் பெரியவர்கள் கேட்பதற்கும் இதே கேள்விகள் போதும். “எவ்வளவு முடிச்சே?” என்ற கேள்விக்கு ஓர் எண் மட்டுமே விடையாக வரும். “உன் ஆளு எப்படிப்பட்டவன்?” என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் பேசுவார்கள்.